ஏழாம் எண் குழாய்

சோதனைச்சாவடியில் ஜீப்பை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
பின்னால் ஆறு நீலக் கேன், நிறைய மொலாசஸ்.
மூடியைத் திறந்து மோந்த ஏட்டையா
முகம் மலர்ந்தார்:
"எங்க காய்ச்சப் போறீங்க?"

மண்ணில் ஊற்ற என்றேன்.
அனுமதிக் கடிதம், அரசு முத்திரை,
ஒன்பது வருடம் இளைய நான் சிரிக்கிற அடையாள அட்டை
எல்லாம் காட்டினேன்.
"மண்ணு குடிக்குமா மேடம்?"
குடிக்கும்.
ஓட்டுநர் ஒச்சப்பன்
சிரிப்பை ஸ்டியரிங்மேல் கவிழ்த்துக்கொண்டார்.

குடிப்பது மண்ணல்ல,
அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கூட்டம்.
இனிப்பு கிடைத்தால் பெருகும்.
பெருகினால் மூச்சுமுட்டும்.
முட்டினால் கைக்கு எட்டியதைப் பிடித்துப் பிழைக்கும்.
இங்கே எட்டுவது குரோமியம்.

பம்பர்களுக்கு முலாம் ஏற்றிய பட்டறை
ஒரு தீபாவளிக்கு லீவு விட்டு
திறக்காமலே போனது.
மிச்சத்தை யாரும் கொட்டவில்லை.
தொட்டிதான் விரிசல் விட்டிருந்தது.

நெடுங்கண்மாய்ப்பட்டியில்
தண்ணீர் முதலில் மஞ்சளானது பஞ்சவர்ணம் வீட்டில்.
மஞ்சள் தேய்த்த கையால் மொண்டோம் போல என்று
மூன்று நாள் இருந்துவிட்டார்.
நாலாம் நாள் வாளிக்குள் வெயில் விழுந்தது.
அந்த வருடம் மஞ்சள் நீராட்டுக்கு
மஞ்சள் வாங்க வேண்டியதில்லை என்று
யாரோ சொல்ல,
யாரும் சிரிக்கவில்லை.

இங்கே அடியில் மணல் இல்லை, பாறை.
தண்ணீர் வெடிப்பு பார்த்துப் போகும்.
பத்தடி தள்ளித் தவசியின் போரில் இளநீராய் வருகிறது;
முந்நூறு மீட்டர் தாண்டிப் பள்ளிக்கூடத்துக் குழாயில்
இரண்டு சொட்டு மருந்து விட்டால்
கத்தரிப்பூ பூக்கிறது.
என் வரைபடத்து அம்புக்குறிகளை
பாறை படித்ததில்லை.

பூத்தால் விஷம்.
நிறம் ஏதும் வராததுதான்
நாங்கள் காத்திருக்கிற நிறம்.

பதினான்கு குழாய் இறக்கினோம், ஊற்றினோம்.
தணிக்கையிலிருந்து கடிதம்:
நிலத்தடி நீர்ப் பிரிவு இனிப்பு வாங்கிய செலவு
எவ்வகையில் நியாயம்?
நஸ்ரின் மேடம் மூன்று பக்கம் பதில் எழுதினார்.
நாலாவது பக்கத்தை எழுதிக் கிழித்தார்.
அதில் இருந்தது எனக்குத் தெரியும்,
சொல்ல மாட்டேன்.

கேன் தண்ணீர் விற்கும் பவுன்ராஜ்
எங்களைக் கண்டால் வண்டியை மெதுவாக்குவான்.
"எப்ப முடியும் மேடம் உங்க வேலை?"
அது அக்கறையா பயமா என்று
பிரித்துக் காட்டும் கருவி
எங்கள் பெட்டியில் இல்லை.

நாலாம் மாதம் அழுகிய முட்டை நாற்றம்.
ஊர் கூடிவிட்டது.
"மஞ்சத்தண்ணியாச்சும் நாறாம இருந்துச்சு."
தலைகுனிந்து கேட்டுக்கொண்டோம்.
ஜீப்பில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிய பிறகுதான்
நஸ்ரின் மேடம் என் முதுகில் ஓங்கி அடித்தார்:
கீழே வேலை நடக்குதுடி!

ஒன்பதாம் மாதம், ஏழாம் எண் குழாய்.
இரண்டு சொட்டு.
பூக்கவில்லை.
மருந்து காலாவதியா என்று குப்பியைத் திருப்பினேன்.
இல்லை.
மறுபடி இரண்டு சொட்டு.
ஒச்சப்பன் பக்கத்தில் வந்து நின்றார்,
சாமி சன்னிதியில் நிற்பதுபோல என்று எழுதக் கை வருகிறது;
டீசல் சீட்டில் கையெழுத்து வாங்க வந்தவர் அவர்.

"போயிருச்சா?" என்றார் பஞ்சவர்ணம்.
எங்கும் போகவில்லை.
ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கி
பாறை வெடிப்பில் பச்சையாய்ப் படிந்து
அங்கேயேதான் இருக்கிறது.
இதை எந்த வார்த்தையில் சொல்ல?
"படுத்துருச்சு" என்றேன்.
"முழிக்குமா?"

படிவத்தில் குறிப்பு என்ற பத்திக்கு
ஒரு வரிதான் இடம்.

குடிக்கக் கூடாது, துவைக்கலாம் என்றோம்.
உள்ளே போனவர்
வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துவந்தார், மகனுடையது.
முக்கினார். அலசினார்.
கொடியில் போட்டுவிட்டு
காயும்வரை எங்களைப் போக விடவில்லை.
காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்
ஐந்து பேரும்.

இந்த மாதம் எட்டாம் எண் குழாய் பூத்திருக்கிறது,
லேசாக.
இன்னும் ஆறு கேன் சொல்லியிருக்கிறோம்.