இடது கெண்டைக்கால்

நவம்பரில் ஸ்கோனே முழுக்கச் சேறு.
குன்வோர் லாரி ஓட்டுகிறாள்,
வயலிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து வயலுக்கு,
முப்பது டன் சர்க்கரை பீட் முதுகுக்குப் பின்னால்.
எடைமேடை வரிசையில் ஒரு மணி நேரம் நின்றாலும்
கீழே இறங்க மாட்டாள்.
இறங்கினால் பூட்ஸ். பூட்ஸ் என்றால் சேறு.

பதினோராம் நாள் இடது பூட்ஸ் ஏறவில்லை.

சுளுக்கு என்றாள்.
பூட்ஸைக் கத்தியால் கீறி அகலமாக்கி
இன்னும் இரண்டு நடை அடித்தாள்.

லுண்ட் மருத்துவமனையில்
குளிர்ந்த பசை தடவிக் கருவியை அழுத்தினார்கள்.
அழுத்தினால் ஒட்டிக்கொள்ள வேண்டிய சிரை
ஒட்டவில்லை.
உள்ளே ஏதோ குடியேறியிருந்தது
வாடகை பேசாமல்.

டாக்டர் நீஸ்ட்ரோம் சொன்னார்:
ரத்தம் உறையத் தெரிந்தால் போதாது,
போதும் என்று நிறுத்தவும் தெரிய வேண்டும்.
உங்களுக்கு நிறுத்துவதில் தாமதம்.
ஐந்தாம் காரணியை வெட்ட வரும் கத்தரி
வெட்டுமிடம் காணாமல் தடுமாறுகிறது.
மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
ஒன்றே ஒன்று.

தலையெழுத்து என்போம் நாம்.
இத்தனை காலம் தலையில் தேடியிருக்கிறோம்.

அதற்குப் பெயர் லைடன்.
கண்டுபிடித்தது ஹாலந்தில் அந்த ஊரில் என்பதால்.
குன்வோர் அங்கே போனதில்லை.
போகாத ஊருக்கு வழி
காலுக்குள் இருந்திருக்கிறது.

அண்ணன் தூரேயைப் பரிசோதனைக்கு வரச் சொன்னாள்.
பன்றிகளுக்குத் தீனி கலந்துகொண்டே,
'பத்திரம் எழுதாத கடனுக்கு
எவன் வந்து வட்டி கேட்பான்?' என்றான்.
அப்பா நாற்பத்தாறு வயதில்
ஸ்பெயினிலிருந்து பஸ்ஸில் திரும்பிய மறுநாள்
மூச்சு முட்டிச் செத்தார்.
மாரடைப்பு என்று எழுதினார்கள்.
அதைச் சொன்னதும் தூரே இன்னும் வேகமாகக் கலந்தான்.

தூக்கம் வராத இரவில் போனில்
பழைய தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினாள்.
செர்ஸ்டி, பண்ணைக் கூலி.
பன்னிரண்டு பிரசவம், ஏழு பனிக்காலத்தில்.
எழுபத்தொன்றில் விழுந்து செத்திருக்கிறாள், ஏணியிலிருந்து.
பக்கத்து வரியில் ஒருத்தி, இரண்டாம் பிரசவம்,
பெயருக்கு எதிரே சிலுவை.
அதற்கும் அடுத்த வரியில் இன்னொருத்தி.
சீக்கிரம் உறைகிற ரத்தம்
செர்ஸ்டியைக் காப்பாற்றியிருக்கலாம்.
இருக்கலாம்.
பாதிரியார் மையில்தான் எழுதினார்.

இரண்டாம் முறை போனபோது தில்டாவும் வந்தாள்,
பதினேழு வயது, காதில் இயர்போன்.
பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதி வாய்ப்பு,
நாணயம் சுண்டுகிற மாதிரி, என்றார் டாக்டர்.
இயர்போனைக் கழற்றினாள்.
பைக்குள் துழாவி
மாத்திரை அட்டை ஒன்றை மேசையில் வைத்தாள்.
இருபத்தொன்றில் ஒன்பது காலி.
'இதைச் சாப்பிடலாமா?'
கேட்டது டாக்டரை, தாயை அல்ல.

முடிவு வரும்வரை வேண்டாம், வேறு வழி இருக்கிறது,
என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க,
குன்வோர் அந்த வெள்ளி அட்டையையே பார்த்தாள்.
யார் அவன், எத்தனை மாதமாக,
நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கினாள்.
மகளின் ஸ்வெட்டர் கையைப் பிடித்து
முழங்கைக்கு மேல்வரை
மெதுவாகச் சுருட்டிவிட்டாள்.