சிறுகோடு

பெட்டாலிங் சடக்கில் பழைய புத்தகக் கட்டுக்குள்
இரண்டு வெள்ளிக்குக் கிடைத்த ஆண்டுமலர்.
டெவ்லின், மலாக்கி. வலப்புற விங்.
ஊர் ஸ்லைகோ, அயர்லாந்து.
இருநூற்றுப் பதினான்கு ஆட்டம், முப்பத்தொன்பது கோல்.
நாட்டுக்காக ஒன்று. கோல் இல்லை.
அப்புறம் 1955 முதல் 1958 வரை,
சங்கத்தின் பேர் வரவேண்டிய இடத்தில்
ஒரு சிறுகோடு.

நகவெட்டு அளவுகூட இல்லை.
அதற்குள்தான் நாங்கள் இருந்தோம்:
செந்தூல் ரயில் பட்டறை அணி, பதினோரு பேர்,
ஏழு ஜோடி பூட்ஸ்.

மலாக்கி எங்கள் வாயில் நிற்கவில்லை.
கன்னியப்பன் மலாக்கா என்றான், அதுவே நிலைத்தது.
தொரை என்றால் மட்டும் முகம் சிவக்கும்.
"நான் தொரை இல்லே. எங்க ஊர்லயும் அவங்கதான் தொரை"
என்பான் அரைகுறை பசார் மலாயில்.
வெள்ளையில் இரண்டு வகை உண்டென்று
அதுவரை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

வலது முட்டி போனபின் வந்தவன்.
மழையில் ஊறிய தோல்பந்தைப்
பத்து வருஷம் நெற்றியால் இடித்தவன்.
கோடையில் ஆட்டமில்லை, கூலியும் பாதியாம்.
வேறு சங்கத்துக்குப் போகிறேன் என்றால் விடமாட்டார்களாம்;
அவர்கள் விற்கிற அன்று
விற்கிற இடத்துக்கு நடக்கவேண்டுமாம்.
"அப்ப நீ ஒப்பந்தக் கூலியா?" என்றான் கன்னியப்பன்.
அவன் அப்பா கித்தாக் காட்டுக்குக் கப்பலேறி வந்தவர்.
மலாக்கா சிரிக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.
கோப்பியைத் தட்டில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தான்.
எந்தக் கூலிக்கு இருபதாயிரம் பேர் கைதட்டினார்கள்
என்று நான் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அந்த ஒற்றை ஆட்டத்துக்குக் கொடுத்த
பச்சை வெல்வெட் தொப்பி, வெள்ளிக் குஞ்சம்.
நவம்பர் ஈரத்தில் பூஞ்சை பூத்தது.
பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை அறைக்குப் பின்னால்
வீட்டுக்காரம்மாவின் இரண்டு பாவாடைக்கு நடுவில்
கொடியில் காயப்போட்டான்.
காகம் குஞ்சத்தைப் பிய்த்துக்கொண்டு போயிற்று.
நானும் ஆ லியோங்கும் சைக்கிளில் துரத்தி
ஸ்காட் சடக்குக் கோடியில் கோட்டைவிட்டோம்.
"எந்தப் பக்கம் போச்சு?"
"இடது பக்கம்."
"அன்னைக்கும் நாலு கோல் அந்தப் பக்கந்தான் போச்சு."

ஒரே ஒருதரம் எங்களுக்காக இறங்கினான்.
போலீஸ் அணி; கடைசி இருபது நிமிஷம்; முட்டியில் துணிக்கட்டு.
தோளை இடம் சாய்த்து வலம் போனான்.
அவர்களுடைய பேக் சேற்றில் உட்கார்ந்தான்,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் போல.
இன்னொருவன். பிறகு என் எதிர்க் கோல்கீப்பர்,
அவனும்.
காலிக் கம்பத்துக்கு முன் நின்று அடித்த பந்து
கம்பத்துக்கு மேலே, வேலிக்கு மேலே,
தண்டவாளத்தில் போய் விழுந்தது.
ஈப்போ ரயில் கடக்கும்வரை ஆட்டத்தை நிறுத்தினார்கள்.
ரயில் ஜன்னலில் ஒரு குழந்தை எங்களுக்குக் கையாட்டியது.

சுதந்திர நள்ளிரவு, பாடாங்.
விளக்கணைத்த அந்த இருட்டில் என் பக்கத்தில் நின்றான்.
கொடி இறங்கியது தெரியவில்லை.
அவன் மூக்குறிஞ்சியது கேட்டது.
சளி என்றான்.

மறுவருஷம் கிள்ளான் துறையில் கப்பல்.
எழுதுகிறேன் என்றான். எழுதவில்லை.
நானும்தான்.

கோட்டுக்கு அப்புறம் இன்னொரு சங்கம்,
பதினோரு ஆட்டம். அதோடு அவன் வரி முடிகிறது.
பட்டறைப் பென்சிலை எடுத்து
அந்தக் கோட்டைக் கொஞ்சம் நீட்டினேன்.
அடுத்த எண்ணின் மேல் முட்டுகிறது.
முட்டட்டும்.