ஜெனரேட்டர் நின்ற இரவு

முளை இறங்கவில்லை, அவ்வளவு இறுகிய செம்மண்.
கூடாரக் கயிற்றை
வேன் சக்கரத்தில் கட்டினான் டார்சி.
பிடில் பெட்டிக்குள் நெரிடா
அரை ஆப்பிள் வைத்திருந்தாள்,
இந்தக் காய்ச்சலில் மரம் வெடிக்காமலிருக்க.
எறும்புகளுக்கு அது தெரிந்துவிட்டது.

முந்நூறு கிலோமீட்டருக்கு இது ஒன்றுதான் ஊர்:
பெட்ரோல் பம்பு, மதுக்கடை, தபால் நிலையம்,
மூன்றுக்கும் ஒரே சாவி.
கேட்க வந்தவர்கள் பதினோரு பேர்.
நாயைச் சேர்த்தால் பன்னிரண்டு.
முதல் பாட்டிலேயே நாய் எழுந்து போயிற்று.

நான்காவதன் நடுவே
ஜெனரேட்டர் இருமி நின்றது.
மைக் செத்தது. என் பேஸ் கிட்டார் வெறும் பலகை.
யாரும் கூச்சல் போடவில்லை.
லாரிக்காரர் ஒருவர் போய் ஹெட்லைட்டைப் போட்டார்,
உடனே
அந்தப் பாலை முழுவதின் விட்டில்களும் வந்தன.
நெரிடா மட்டும் வாசித்தாள்
கண்ணை மூடி, வாயை அதைவிட இறுக மூடி.

பண்ணைச் சமையற்காரி மாட்ஜ்
கிட்டே வந்து ஒரு மெட்டை விசிலடித்துக் காட்டினாள்.
பேர் தெரியாதாம்.
ரோமம் கத்தரிக்க வந்த ஒருத்தன்
விட்டுப்போனது அது மட்டும்தானாம்.
பாதியில் அவளுக்குச் சுருதி சறுக்கியது.
சறுக்கிய இடத்தையும் விடாமல்
வாசித்தாள் நெரிடா.
"அதேதான்" என்றாள் மாட்ஜ்,
கையை ஏப்ரனில் துடைத்தபடி.

காலையில் டப்பாவில்
நூற்றுப் பத்து டாலர், ஒரு ஸ்பார்க் பிளக்,
செய்தித்தாளில் சுற்றிய ஆட்டுக்கறி.

மூன்று நாளாய் டார்சி
அதையே விசிலடித்துக்கொண்டிருக்கிறான்.
வண்டி ஓட்டுவது நான்.
அந்தத் தப்பு எப்போது வருமென்று
ஒவ்வொரு முறையும்
காத்திருக்கிறேன்.