விட்ட கை

பெலேமில் படகுகள் மீன் இறக்குவது விடியற்காலை மூன்றுக்கு.
லாஸ் வேகாஸில் கடைசிச் சண்டை முடிவது
எங்கள் கடிகாரத்தில் இரண்டுக்கு.
நடுவில் ஒரு மணி நேரம் சும்மா கிடந்தது.
அதில்தான் ஜெனிவாலுக்கு ரசிகர்கள் ஆனோம்.
வேறு பெரிய காரணம் கிடையாது.

ஐஸ்பெட்டிமேல் டிவி.
திரையின் வலது மூலையில் ஒரு பச்சைக் கறை.
அந்தப் பக்கம் வேலியோடு அவனை நெருக்கினால்
பாசி பிடித்தவன் போலாகிவிடுவான்.
"வெளியே வாடா" என்று வால்டெசிர் டிவியை அறைவார்.
சில சமயம் வந்தான்.

பொராக்கே என்று பெயர் வைத்தது நாங்கள்.
சேற்றில் கிடக்கும் மின்விலாங்கு.
அங்கே அறிவிப்பாளர் அதை வாயில் போட்டுக் கடித்துத் துப்புவார்.
மல்யுத்தக்காரன் வந்தால் குத்துவான்,
குத்துகிறவன் வந்தால் காலை வாரித் தரையில் உருட்டுவான்.
பாம்புக்குத் தலை, மீனுக்கு வால்.
இருபத்திரண்டு வெற்றி, பதினைந்து தோல்வி, ஒரு டிரா.
டிராவைப் பற்றி ஓசியெல் மட்டும்தான் பேசுவார்.
அன்று படகு எஞ்சினை அடகு வைத்து
பந்தயம் கட்டியிருந்தார். சரி, அது அவர் கதை.

எங்கள் கதை பதினெட்டாவது சண்டை.
பட்டத்துக்கான சண்டை.
எதிரே ஓஹையோக்காரன், கழுத்தே இல்லாதவன்.
இரண்டாம் சுற்றில் அவன் வலது கை
ஜெனிவாலின் தொடைகளுக்கு நடுவே
இனி வளைய இடமில்லாமல் நீண்டு கிடந்தது.
மளுக்கென்று சத்தம் கேட்டதாக ஜுசாரா சத்தியம் செய்வாள்.
டிவியின் ஸ்பீக்கர் அதற்கு முந்தின மாதமே செத்திருந்தது.
நடுவர் மறுபக்கம் நின்றார்.
ஓஹையோக்காரன் தோற்றேன் என்று தட்டவில்லை.
ஜெனிவால் கையை விட்டான்.

தொங்கும் கையோடு எழுந்தவன்
மிச்சமிருந்த கையால் அடித்தான்.
ஒரே அடி.
பச்சை மூலையில் போய் விழுந்தான் எங்கள் ஆள்.

விட்டான்.
அந்த ஒரு சொல்லை வைத்துப் பதினோரு வருடம் ஓட்டினோம்.
முட்டாள் என்பார் வால்டெசிர்.
மனுஷன் என்பாள் ஜுசாரா.
இரக்கம் ஐஸ் மாதிரி, என்பார் ஓசியெல்,
எடை போடும்போது இருக்கும்,
வீடு போய்ச் சேரும்போது இருக்காது.
நான் பேசாமல் செதில் சுரண்டினேன்.
அந்த வருடம் அண்ணனோடு எனக்கு ஒரு வழக்கு,
அப்பாவின் படகுக்காக.
தீர்ப்பு என் பக்கம்தான் வரும் என்றார் வக்கீல்.
விட்டுவிட்டேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் டிவியைக் காட்டியிருப்பேன்.

இப்போது வியாழன் மதியங்களில் வருகிறான்.
அரைக் கிலோ பெஸ்காடா.
காது இரண்டும் பிசைந்து வைத்த மாவு.
சில்லறையை இரண்டு தரம் எண்ணுவான்,
பிறகு எங்களையே எண்ணச் சொல்வான்.
நாங்கள் மீனைப் பற்றி மட்டும் பேசுவோம்.
ஐஸ் தூக்கும் காயிக் பொடியன்தான் போன வாரம்
பட்டென்று கேட்டுவிட்டான்:
"அந்தக் கையை ஏன் விட்டீங்க?"

ஜெனிவால் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.
"வியர்வை," என்றான். "வழுக்கிடுச்சு.
இறுக்கத்தான் பார்த்தேன்."
பொட்டலத்தை வாங்கிக்கொண்டு
மழைக்கு முன்னால் போய்ச் சேர வேகமாக நடந்தான்.

கொஞ்ச நேரம் கழுகுகள் மட்டும் சத்தம் போட்டன.
"அடக்கம்," என்றார் வால்டெசிர்,
பதினோரு வருடம் முட்டாள் என்றவர்.
"பொய் சொல்லவே வரல பாரு அவனுக்கு," என்றாள் ஜுசாரா.
மழை விடுவதற்குள் அவன் இன்னும் பெரியவனாகிவிட்டான்:
விட்டவன், விட்டதையும் மறைப்பவன்.

நான் சேர்ந்துகொள்ளவில்லை.
கத்தியைக் கழுவினேன். மறுபடி கழுவினேன்.
துறையில் அண்ணனின் படகு ஒதுங்கிக்கொண்டிருந்தது,
புதிதாக நீலம் அடித்து.
முனையில் நின்றவன் என்னைப் பார்த்துவிட்டு
கயிற்றை என் பக்கம் வீசினான்.

ஈரக் கயிறு.
பிடித்தேன்.