பனி இல்லாத ஊரில்

உறையைப் பிரித்தால் எட்டு விதைகள்,
மிளகைவிடப் பொடிசு.
ஒட்டாவாவிலிருந்து நிரோஜினி கொடுத்தனுப்பியவை.
கல்யாணத்துக்கு வந்த யாரோ
ஸ்வெட்டருக்குள் மடித்துக் கொண்டுவந்தார்கள்.

குரல் பதிவில் சொன்னாள்:
"இதும் செவ்வரத்தைதானடி.
பனி கொட்டேக்க தண்டெல்லாம் செத்துப்போகும்,
வேர் மட்டும் கிடக்கும்.
வெயில் வந்தா நிலத்திலயிருந்து எழும்பும்.
பூ, சோத்துக் கோப்பை அகலம்."

செவ்வரத்தை.
மண்டபம் பள்ளியில் பத்தாம் வகுப்பு,
பூவை நெடுக அறுத்துப் படம் வரைந்த அன்று
முகாமிலிருந்து வந்த அவள் அப்படித்தான் எழுதினாள்.
டீச்சர் சிவப்பு மையால் அடித்துச்
செம்பருத்தி என்று திருத்தினார்.
அரை மார்க் போனது.

படகுத் தச்சரிடம் உப்புத்தாள் வாங்கி
விதையின் முதுகைச் சுரண்டினேன்.
ஆறு வாரம் ஃப்ரிட்ஜில்,
சூடைமீன் டப்பாவுக்கு மேல்தட்டில்.
மூன்று முளைத்தன.
ஒன்றை நத்தை தின்றது.
ஒன்று காரணம் சொல்லவில்லை.

மிஞ்சியதற்கு லாரித் தண்ணீர்,
குடம் பன்னிரண்டு ரூபாய்.
போர் தண்ணீரில் துணி நனைத்தாலே
காய்ந்தபின் தானாக நிற்கும்.

ஆள் உயரம் வளர்ந்தது. மொட்டு இல்லை.
மார்கழி வந்தது, வாடை அடித்தது,
செடி தூங்குவதாக இல்லை.
இலை சிறுத்து, நைட் ஷிப்ட் முடிந்தும்
பஸ் வராத ஆள் மாதிரி நின்றது.

நான் கணக்கு எழுதுவது ஐஸ் கம்பெனியில்.
சாயங்காலம் அரைச் சாக்கு உடைத்த ஐஸ்
வீட்டுக்குக் கொண்டுவந்து
வேரைச் சுற்றிக் கொட்டினேன்.
லோடுமேன் அந்தோணிப்பிச்சை கேட்டான்:
"செடி என்ன, ஏற்றுமதிக்கா போகுது?"
கணக்கில் 'கசிவு' என்று எழுதினேன்.
காலையில் பார்த்தால்
ஈரமண்ணில் இரண்டு நண்டு,
சேதி விசாரிக்க வந்ததுபோல.

சித்திரையில் தடைக்காலம்.
படகெல்லாம் கரையில், ஐஸ் மெஷின் ஊமை.
பாதிச் சம்பளத்தோடு
மத்தியானம் அசந்து தூங்கிவிட்டேன்.
எழுந்து பார்த்தால்
பனைமட்டை வேலியில் ஓர் ஓட்டை,
செடி இருந்த இடத்தில் நான்கு விரல் குச்சி,
பக்கத்தில் ஜரீனா பீவியின் வெள்ளாடு
தாடையை ஆட்டிக்கொண்டு.

நான் கத்தியது பாலம்வரை கேட்டிருக்கும்.
"சினையா இருக்குடி, ரெஜினா" என்றாள்,
அதுதான் பதில் என்பதுபோல.
அந்தக் குச்சியையும் மறுநாள் வந்து தின்றது.

அதற்குப்பின் நான் அந்தப் பக்கம் போகவில்லை.
மீன் கழுவிய தண்ணீரைக்கூட
வேறு பக்கம் ஊற்றினேன்.

இருபத்து மூன்றாம் நாள்
காய்ந்த துணி எடுக்கப் போனவள் நின்றேன்.
மண் விரிசலில் ஐந்து முளை,
சுண்டுவிரல் கனம், செங்கல் நிறம்.

ஆடியில் பூத்தது.
வெள்ளை, நடுவில் ரத்தச் சிவப்பு,
என் முகத்தைவிடப் பெரிசு.
பதினோரு மணிக்குள்
கச்சான் அதைக் கிழித்துவிட்டது.
அதற்குமுன் படம் எடுத்திருந்தேன்.

அங்கே நடுராத்திரி. உடனே பதில்:
"பனியே இல்லாம எப்பிடியடி
அது செத்து எழும்பினது?"

வேலிக்கு அந்தப் பக்கம்
இரண்டு குட்டிகளோடு நின்ற ஆட்டை
எதிர்வெயிலில் ஒரு படம் எடுத்து
அனுப்பினேன்.