அறுநூற்றுப் பன்னிரண்டு சதுர அடி

இளஞ்சிவப்பு நாடா கட்டிய நான்கு முளைகள்.
ஒன்று புழுத்தொட்டியின் நட்ட நடுவில்.
அடித்த பையன் மன்னிப்புக் கேட்டான்,
ஆர்லிஸிடமா புழுக்களிடமா
தெரியவில்லை.

விஸ்கான்சினில் மார்ச்.
ஆற்றில் பனிக்கட்டி உடைகிற சத்தம்
ராத்திரியெல்லாம் யாரோ பீரோவை இழுப்பதுபோல.
பாலத்தடியில் ஆர்லிஸ் ட்வைட்டின் தூண்டில் கடை:
மண்புழு டஜன் நாலு டாலர்,
காபி சும்மா,
கடன் கிடையாது.
அந்தப் பலகையின் பின்புறம்
லயல் ப்ரோக்மன் பெயரில்
நாற்பது டாலர் பாக்கி.

பதிவுத்தபாலில் கடிதம் வந்தது.
பொதுத் தேவைக்காக, என்று தொடங்கியது.
பொதுமக்கள் யாரென்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.
பாலத்தில் எடைத்தடை வந்ததிலிருந்து
பள்ளிப் பேருந்து பதினொரு மைல் சுற்றுகிறது.
ஆம்புலன்சும்தான்.
லயல் செத்தது
அந்தப் பதினொன்றில் ஏழாவது மைலில்.

தவிர,
ஆரம்பித்து வைத்தவளே அவள்.
நான்கு வருஷம் முன்னால்
பாலத்தின் அடிவயிற்றிலிருந்து உதிர்ந்து
அவள் படகில் விழுந்த கான்கிரீட் கல்லைத்
துருக்கம்பி நீட்டிக்கொண்டிருக்க அப்படியே தூக்கிப்போய்
மேயரின் மேசையில் வைத்தாள்.
"ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால்
இன்றைக்கு எனக்கு மலர்வளையம்
வாங்கிக்கொண்டிருப்பீர்கள்."

அவள் கேட்டது பாலம்.
வரைபடத்தில் வந்த பாலத்துக்கு
இடுப்பு பெருத்திருந்தது:
நடைபாதை, சைக்கிள் பாதை,
நின்று வேடிக்கை பார்க்க இரண்டு மாடம்.

நகராட்சியின் நில அலுவலர் கென்ட்ரா வொய்சிக்
சேற்றில் புதைந்த காலணியோடு
கல்லாவின் இந்தப் பக்கம் நின்று வாசித்தாள்.
சிமென்ட் தளம், கம்பிவேலி, கொட்டகை,
தேய்மானம் கழித்து ஏழாயிரத்து நானூறு.
"வடக்குச் சுவரின் நிழல்?
ஆகஸ்டில்கூட ஐஸ் இல்லாமல்
புழு பிழைக்கிற நிழல். அதற்கு என்ன விலை?"
கென்ட்ரா தாள்களைப் புரட்டினாள்.
ஒப்புக்கு அல்ல,
நிஜமாகவே தேடினாள்.

இரண்டாம் முறை ஒன்பதாயிரத்து நூறு.
ஆர்லிஸ் பேனாவை வாங்கிக்கொண்டு
போடாமல் இருந்தாள்.
"என் கல் எங்கே?"

பொறியாளர் அறையில் இருந்தது.
நான்கு வருஷமாக
இந்தக் கோப்பின்மேலேயே
காகிதம் பறக்காமலிருக்க.

கல்லுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
'இதர' என்ற இடத்தில் கென்ட்ரா
கையால் எழுதினாள்:
உரிமையாளரின் கல் ஒன்று, திருப்பித் தரப்படும்.
வழக்கறிஞர் அடிக்கோடிட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
மன்றம் அதோடு சேர்த்தே நிறைவேற்றியது,
ஆறு ஓட்டு, எதிர்ப்பு இல்லை,
நாய் வளர்ப்பு உரிமத்துக்கும்
கோடைக்காலக் கூடாரத்துக்கும் நடுவில்,
இருமி முடிப்பதற்குள்.

இப்போது கல் படகில் நங்கூரம்.
அந்தத் துருக்கம்பியில்தான் கயிறு.
புழுத்தொட்டி தெற்கே போனது,
முதல் கோடையில் பாதி செத்தது.

டிசம்பரில் சொத்துவரி வந்தது,
பழைய பரப்புக்கே, ஓரடி குறையாமல்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
இவர்கள் ஆற்றுக்கு அளந்தார்கள்,
அங்குலம் பிசகவில்லை.
ரசீதுக்கு அளக்க மறந்துவிட்டார்கள்.
அறுநூற்றுப் பன்னிரண்டைக் கழிக்கவும், என்று
சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினாள்.
தபால்தலைக் காசையும் கேட்டிருந்தாள்.

நேற்று ராத்திரி ஆம்புலன்ஸ் போனது.
கூரைக்கு மேலே நான்கு நொடி, அவ்வளவுதான்,
பிறகு அக்கரையில் அதன் ஓசை தேய்ந்தது.
எழுந்து விளக்கைப் போட்டாள்.
பலகையைத் திருப்பினாள்.
நாற்பது டாலர்.
அடிக்கவில்லை.