மீதி நாற்பத்தைந்து

செவ்வாய்க்கிழமை எங்கள் ஷாமாவில் கடலுக்கு விடுமுறை.
படகுகள் மணலில் வயிறு பதித்துக் கிடக்கும்.
கிழிந்த வலையை முடைந்தபடி ஆண்கள்
வானொலியில் பந்தாட்டம் கேட்பார்கள்.
செவ்வாயில் பிறந்தவள் நான், அதனால் அராபா.
புகைபோட மீன் வராத அந்த ஒரு நாளில்
ட்ரோட்ரோ வண்டி பிடித்து டாக்கொராடி போகிறேன்.
சிந்திக்காரர் துணிக்கடைக்கு மேல்மாடி.
சாமியார் என் இரண்டாவது மகனைவிட இளையவர்.

முதல் நாள் நான் உட்கார்ந்ததும்
எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தார்.
எனக்குத் தெரியும் அந்தச் சன்னல்.
வங்கியில் திறக்கும், மருத்துவமனையில் திறக்கும்.
முப்பது வருடப் புகை என் முடியில்,
எந்தச் சோப்புக்கும் மசியாது.
இனி வருவதில்லை என்றுதான் படியிறங்கினேன்.
அடுத்த செவ்வாய் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்.
அந்த அறையில் யாரும் என்னிடம் விலை கேட்கவில்லை.
பேரம் பேசாத ஒரு மணி நேரம்
என் ஆயுளில் அதுதான் முதல்.

சபையின் வகுப்புத் தலைவர் எபெனேசர் குவான்சா
சந்தா நோட்டோடு அடுப்படிக்கே வந்துவிட்டார்.
"இந்துச் சாமியார் காலில் விழுகிறாயாமே?"
விழவில்லை. முழங்கால் வாதம்,
நாற்காலி போட்டுத்தான் உட்காருகிறேன்.
அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.
மாத முதல் ஞாயிறு, வெள்ளை உடுத்தித்
திருவிருந்துக்கு முழந்தாளிட்டபோது
(வாதம் அங்கே மட்டும் பொறுத்துக்கொள்கிறது)
என் முறை வந்ததும் போதகரின் கை
ஒரு நொடி நின்றது.
அப்பமும் நின்றது.
பிறகு தந்தார்.
அந்த நொடியைத்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

மந்திரம் கேட்டேன் சாமியாரிடம்.
"யாரைக் கூப்பிட்டுப் பழக்கம்?"
எவுராட்ஸே என்றேன்.
ஆண்டவரே என்று ஃபாண்டியில் அழைப்பது.
கோஜோவின் படகு திரும்பாத இரவில்
தொண்டை கிழியக் கத்திய வார்த்தை.
"அப்படியென்றால் அதுதான்" என்றார்.
நூற்றெட்டு மணி கோத்த மாலையைக் கையில் வைத்தார்.

மீன் விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவில்லை.
ஒடிசாக் கரையோரம் பிறந்தவர்.
அவர் வீட்டில் எல்லாரும் மீன் தின்கிறவர்கள்,
அவர்தான் விட்டவர்.
விட்டவர்களுக்கு வாடை கூடுதலாகத் தெரியும்.
ஒரு நாள் தாங்காமல் கேட்டேன்:
செத்து எழுந்த என் ஆண்டவர்
கடற்கரையில் என்ன செய்தார் தெரியுமா?
கரி மூட்டினார். மீன் சுட்டார்.
இராமுழுக்க வெறும் வலை இழுத்தவர்களைச்
சாப்பிடக் கூப்பிட்டார்.
அவர் விரலிலும் இதே வாடைதான் அடித்திருக்கும்.

வெகுநேரம் பேசாமல் இருந்தார்.
"அன்று வலையில் எத்தனை மீன்?"
நூற்றைம்பத்து மூன்று.
"எண்ணினார்களா? அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா?"
மீன்காரர்கள் எண்ணாமல்?
சிரித்துவிட்டார்.
அன்று சன்னல் மூடியே இருந்தது.
வெளியே மழை. வேறு அர்த்தம் வைக்க வேண்டாம்.

இப்போதெல்லாம் விடியுமுன்
தட்டுத் தட்டாய்ச் சாளை அடுக்கி
மாலையை எடுக்கிறேன். புகையேறிக் கறுத்துவிட்டது.
மணிக்கு ஒரு மீன், மீனுக்கு ஓர் எவுராட்ஸே.
நூற்றெட்டில் மாலை முடிகிறது.
மீன் முடிவதில்லை.
நூற்றைம்பத்து மூன்றில் நூற்றெட்டு போனால்
நாற்பத்தைந்து.
குவான்சாவின் நோட்டில் இதற்குப் பத்தி கிடையாது.
சாமியாரிடம் நான் சொல்லவில்லை.
அந்த நாற்பத்தைந்துக்கு எந்தப் பெயரும் வருவதில்லை வாயில்.
சும்மா திருப்பிப் போடுகிறேன்,
ஒரு பக்கம் வெந்தது, மறுபக்கம் வேக வேண்டியது.
கருகாமல் பார்த்துக்கொள்வதற்குள்
விடிந்துவிடுகிறது.